எதிர்ப்பக்கம்

"பிரேக் அடிச்சா இடதுபக்கம் இழுக்குது"
என்று சாவியை நீட்டினார் யோகாம்பாள்.
லாபிஸ் தமிழ்ப்பள்ளிக்கு ஓடும் வேன்.
ஆள் பதினொன்று என்று ஜேபிஜே தாள் சொல்லும்,
பதினேழு என்று பின்சீட்டுப் பைகள் சொல்லும்.

மூன்று மாதமாக இப்படியாம்.
சிகாமட்டில் ஒரு பட்டறை இடது பேட்டை மாற்றியது,
நூற்றெண்பது வெள்ளி.
பிறகு இடது டிஸ்க்கைச் சீவியது, தொண்ணூறு.
இழுப்பு கூடித்தான் போனது.
மச்சான் ஒரு வழி சொன்னாராம்:
"கொஞ்சம் வலதா பிடிச்சு ஓட்டு, பழகிடும்."
பழகிவிட்டது.
அவர் தோளிலிருந்து கோடாலித் தைலம் மணந்தது.

காற்று இரண்டு டயரிலும் ஒரே அளவு.
முன் டயர்களை இடம் மாற்றினேன்;
இழுப்பு இடம் மாறவில்லை.
சும்மா ஓடவிட்டால் ரயில் மாதிரி நேர்,
நிற்கச் சொன்னால்தான் கோணல்.

எண்ணெய் ஆலை தாண்டி நேர்ச்சாலை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
உதிரிப் பழம் சிந்திக்கொண்டு முன்னால் போனது.
போகவிட்டு, ஐம்பதில் மிதித்தேன்.
வேன் கால்வாயை மோந்து பார்த்தது.
எட்டுத் தடவை.
பிறகு இறங்கிப் புறங்கையைச் சக்கரத்தருகே நீட்டினேன்.
இடது, தோசைக்கல்.
வலது, கோப்பிக்கடை மேசைப் பளிங்கு.

"பாத்தீங்களா, சூடாவுற பக்கம்தான் கோளாறு."
"இல்லக்கா. அது ஒண்டியா வேலை செய்யுது.
அதான் சூடு."
அவர் கைப்பை ஜிப்பைத் திறந்தார், மூடினார்.
இருநூற்றெழுபது வெள்ளி
தப்பான சக்கரத்தில்.

ஜாக்கி ஏற்றி வலது சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.
"மிதிங்க."
மிதித்தார்.
கூப்பிட்டது காதில் விழாத ஆள்போல
இன்னும் ஒரு சுற்று சுற்றித்தான் நின்றது.
நிப்பிளைத் திறந்தேன்.
இடதில் பிரேக் எண்ணெய் பீச்சி என் சட்டையில் அடித்தது.
வலதில் ஒரு சொட்டு.
கொஞ்சம் யோசனை.
இன்னொரு சொட்டு.

பிஸ்டனைத் தள்ளினேன், முனகாமல் உள்ளே போனது.
அது நிரபராதி.
மிச்சம் ஒரு முழம் ரப்பர் குழாய்.
வெடிப்பில்லை, கசிவில்லை,
மேலே அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை.
கழற்றி அறுத்தேன்.
உள்சுவர் வீங்கி,
ஊசி நுழையத்தான் வழி இருந்தது.

புதுக் குழாய் இரண்டு பக்கமும்.
இடதும் அதே வயசுதானே.
"மிதிங்க. பிடிங்க. விடுங்க."
கண்ணாடிப் புட்டியில் குமிழி அடங்கும்வரை
இதையே சொன்னேன்.
பக்கத்துக் கடை ஆ செங் வந்து எட்டிப் பார்த்து,
யாருக்குப் பிரசவம் என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஓட்டிப் பார்க்க அவரே உட்கார்ந்தார், நான் பக்கத்தில்.
ஆலைக்கு முன் மிதித்தார்.
வேன் வலதுபக்கம் பாய்ந்தது,
நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது.
"ஐயோ, இப்ப இந்தப் பக்கமா!"
என் வயிற்றிலும் ஒரு சொட்டு.
எதை விட்டேன்? எந்த நட்டு?
அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன்.
கால் பிரேக்கைத் தேடும் முன்பே
கை ஸ்டீரிங்கை வலப்புறம் இழுத்து வைத்திருந்தது.

"விரலை மட்டும் வைங்கக்கா. பிடிக்காதீங்க."
"பயமா இருக்கு."
"எனக்கும்தான். மிதிங்க."
பத்து விரலும் அப்பளம் தொடுவதுபோல் தொட்டிருக்க
வேன் நின்றது.
கோட்டுக்கு உள்ளே, நேராக.
அவர் உடனே இறங்கவில்லை.
எஞ்சினை அணைத்துவிட்டு
வலது தோளை மெல்ல இறக்கிப் பார்த்தார்.

மறுநாள் மீதிக் காசு கொடுக்க வந்தபோது சொன்னார்:
காலையில் லெவல் கிராசிங்கில் பிரேக் போட்டதும்
பிள்ளைகள் எல்லாரும் வழக்கம்போல்
ஓவென்று கத்தி ஒரு பக்கம் சாய்ந்தார்களாம்.
வேன் மட்டும் சாயவில்லை.
கடைசி சீட்டு கவியரசன் எழுந்து நின்று,
"ஆன்ட்டி, வேன் கெட்டுப்போச்சு" என்றானாம்.