கோயிலுக்குள் மட்டும் வழங்கும் பெயர்

எங்கள் ஊரிலிருந்து பதினெட்டுப் பேர்.
ஷிபாபாவும் வருகிறான் என்று முன்பே தெரிந்திருந்தால்
அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பேன்.
நாலு வருஷமாய் அவனோடு எனக்குப் பேச்சில்லை.
என் பார்லி வயலுக்கும் அவன் வயலுக்கும் நடுவே
ஒரு கல்.
அதைப் பிறகு சொல்கிறேன்.

செகோட்டாவிலிருந்து லாலிபெலாவுக்கு லாரி இருக்கிறது.
நாங்கள் நடந்தோம்.
கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நோன்பு.
வெயில் சாயும்வரை பச்சைத் தண்ணீர் கிடையாது,
சாய்ந்தபின் வறுத்த பார்லி ஒரு பிடி.
இரவில் குளிர் பல்லைத் தட்டி எண்ணும்.
"பரலோகத்துக்கா இத்தனை மூட்டை?" என்று
முலுவெர்க் கேட்டுச் சிரித்தாள்.
அவள் முதுகில் கைக்குழந்தை,
அதுவும் நோன்பிருப்பதுபோல் அழாமல் வந்தது.

மூன்றாம் நாள் கல்லுச் சரிவில்
ஷிபாபாவின் டயர்ச் செருப்பு வார் அறுந்தது.
அவன் ஒருவரிடமும் கேட்கவில்லை.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான்.
பின்னால் வந்தவன் நான்.
பாறையில் பாறையில் ஒரு சிவப்புப் புள்ளி,
ஒன்றையும் மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தேன்.
என் பையில் ஊசி இருந்தது, வார் இருந்தது.
ஒரு பகல் முழுக்க இருந்தது.

இருட்டியபின் அவன் பக்கமாய் வீசினேன்,
நாய்க்கு வீசுவதுபோல்.
தைத்து முடித்து,
ஊசியைத் தன் போர்வையில் துடைத்து,
என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான்.

சொர்க்கம் மேலே என்றுதான் நினைத்திருந்தேன்.
இங்கே ஜார்ஜியார் கோயிலுக்குக்
கீழே இறங்க வேண்டும்.
காலடி மட்டத்தில் கூரை, கல்லில் ஒரு சிலுவை;
பள்ளத்துக்குள் பள்ளமாய்ப் பாதை
தோளை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு இறங்குகிறது.
ஒரு கல்கூடச் சேர்த்துக் கட்டவில்லை.
மலையிலிருந்து, கோயில் அல்லாததை எல்லாம்
வெட்டி வெட்டி வெளியே போட்டிருக்கிறார்கள்.
எத்தனை கூடை மண் சுமந்திருப்பார்கள் என்று
கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கினேன்.
எனக்கு எப்போதும் அந்தப் புத்தி.

வாசலில் ஒரு குருவானவர் ஜெபத்துக்குப் பெயர் எழுதினார்.
ஊர் கூப்பிடும் பெயர் அங்கே செல்லாது.
குழந்தையை நீரில் முக்கியெடுத்த அன்று
காதில் விழுந்ததே, அது;
கோயிலுக்குள் மட்டும் வழங்குவது,
கடைசியில் மண்ணுக்குள் இறக்கும்போது சொல்வது.
நான் சொன்னேன்: ஹப்தெ மரியாம்.
எனக்கு முன்னால் நின்றவன்
தலையைக் குனிந்து சொன்னான்: கெப்ரெ மெதின்.

கெப்ரெ மெதின்.
போன மழைக்காலம், எங்கள் ஊர்க் கோயிலில்
காய்ச்சலில் கிடந்த ஒரு கெப்ரெ மெதினுக்காக
மூன்று ஞாயிறு ஜெபித்தோம்.
யாரென்று நான் கேட்கவில்லை.
முழங்காலில் நின்றேன், கண்ணீர் வந்தது,
ஆமென் என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னேன்.
ஆண்டவரே, அவனைப் பிழைக்கவைத்தீர்.
என் குரலையுமா கேட்டீர்?

இப்போது அந்தக் கல்.
ஓர் இரவு, நிலா இல்லை,
ஒரு முழம் அதை நகர்த்தியவன் நான்தான்.
ஊர்ப் பஞ்சாயத்தில் சத்தியமும் செய்தேன்,
அஸ்மரே என்ற பெயரில்.
கோயில் பெயரைச் சொல்ல நா எழவில்லை.
அதுமட்டும் எப்படியோ தப்பித்திருக்கிறது.

உள்ளே மெழுகுவர்த்திப் புகை, மேளம்,
விடியும்வரை நின்றோம்.
அழைக்கப்படும் நாளில் என்னை அழைப்பவர்
எந்தப் பெயரால் அழைப்பார் என்று தெரியும்.
அந்தப் பெயருக்கு எழுந்து நிற்க
இந்த அஸ்மரேக்குக் கால் வருமா என்பதுதான்.

வந்து சேர்ந்துவிட்டோம் என்று முலுவெர்க் அழுதாள்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
திரும்பிப்போக ஐந்து நாள் இருக்கிறது,
அதன் முடிவில் ஒரு முழம்.
இந்த வழியில் மிக நீளமான இடம் அதுதான்.

மேலே ஏறும்போது ஷிபாபாவுக்குப் பின்னால் நடந்தேன்.
தைத்த வார் தாங்கியது.
"கெப்ரெ மெதின்" என்றேன்.

அவன் திரும்பினான்.