மூன்றாவது பொத்தான்

செப்டம்பர் விடுமுறையின் இரண்டாம் நாள்,
மழைக்கு முன் வரும் காற்று
உட்லண்ட்ஸ் முழுவதையும் ஒருமுறை உதறிப் பார்த்தது.
மூங்கில் கழியை நான் உள்ளே இழுப்பதற்குள்
அப்பாவின் பேருந்துச் சீருடை கழன்று
பதினோராம் மாடியிலிருந்து புறப்பட்டுவிட்டது.

"ஐயோ" என்றேன். அவ்வளவுதான்.

ஏழாம் மாடி அருகே
சட்டை நின்றது.

கையிரண்டும் விரிந்து, காலர் நிமிர்ந்து,
உள்ளே யாரோ இருப்பதுபோல்
மழை வரும் திசையைப் பார்த்து நின்றது.
சன்னலோரம் புகைத்துக்கொண்டிருந்த திரு குவெக்
சட்டையைப் பார்த்தார், சிகரெட்டைப் பார்த்தார்,
சிகரெட்டை அணைத்தார்.

என் தொப்புளுக்குக் கீழே ஒரு நூல்
இழுபடுவது தெரிந்தது.
நானும் இழுத்தேன்.
எட்டு, ஒன்பது, பத்து என்று
மின்தூக்கியின் எண்களைப்போல் ஏறி
ஈரத்தோடு கைக்கு வந்தது.

அன்றிரவு, தேர்வுத் தாள்களைப் பரப்பிவைத்து
அவற்றின் மறைவில் ஆராய்ச்சி.
மேசைமேல் கிடந்த அழிப்பான் அசையவில்லை.
பயண அட்டை, கைப்பேசி, தூங்கும் தம்பி
எதுவும் அசையவில்லை.
விழுகிற பொருளுக்குத்தான் என் பேச்சு கேட்கும்.
தட்டிவிட்ட பென்சில் நின்றது.
முட்டையும் நின்றது; இரண்டாவது முட்டையின்போது
தும்மல் வந்துவிட்டது.
அம்மாவிடம் பல்லி என்றேன்.
இயற்பியல் மதிப்பெண் மட்டும்
பிடிப்பதற்குள் விழுந்துவிட்டது.

ஹஃபிசாவிடம் சொன்னேன்.
"பறப்பியா?"
"இல்ல."
"மறைஞ்சு போவியா?"
"இல்ல."
"அப்புறம் என்ன பவர் இது?"
என்று கையை வீசியதில் தட்டுப்பட்ட மைலோ கோப்பை
ஒரு சொட்டும் சிந்தாமல்
அவள் முழங்கால் பக்கத்தில் காத்திருந்தது.
அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

கண்ணை மூடினால் போதும்,
புளோக் முழுவதும் விழுவது தெரியும்.
துணிக்கவ்விகள். சிகரெட் சாம்பல்.
யாரோ கோபத்தில் எறிந்த சாவிக்கொத்து.
ஒருமுறை நான்காம் மாடியில்
கட்டிலிலிருந்து உருண்ட குழந்தை:
தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்துவிட்டேன்.
அது கிச்சுகிச்சு மூட்டியதுபோல் சிரித்ததை
ஏழு மாடிக்கு மேலே படுத்திருந்த நான் கேட்டேன்.

மூன்றாம் வாரம் கதவு தட்டப்பட்டது.
சுற்றுப்புற வாரியத்து அதிகாரி,
கழுத்தில் அட்டை, கையில் தட்டுக்கணினி.
மாடியிலிருந்து குப்பை எறிபவர்களைப் பிடிக்க
எதிர் புளோக்கில் கேமரா வைத்திருந்தார்களாம்.
"இது உங்கள் சட்டையா?"
அப்பா கண்ணாடியைத் தேடி அணிந்தார்.
"என்னோடதுதான்."
"எறிந்தீர்களா?"
"விழுந்திருக்கும். காத்து."
அதிகாரி விரலால் படத்தை ஓடவிட்டார்.
"மேலே போகிறதே, ஐயா."

விசிறி சுற்றியது.
மேசைமேல் அவர் வைத்த பேனா
மெல்ல உருளத் தொடங்கியது.
விளிம்பு வரை வந்தது.
என் நூல் விறைத்தது.
கைகளைத் தொடைக்கடியில் வைத்து நசுக்கி,
இருபத்தேழைப் பதின்மூன்றால் பெருக்கி,
விடை தப்பு என்று தெரிந்தும் மறுபடி பெருக்கி

டக்.

தரையில் பேனா.
நான் இதுவரை தூக்கிய எதுவும்
இவ்வளவு கனக்கவில்லை.

குனிந்து எடுத்தவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.
"காற்று" என்று எழுதினார்.
பக்கத்தில் கேள்விக்குறி போட்டாரா என்று
தலைகீழாகப் படிக்க முடியவில்லை.

மறுநாள் விடிகாலை நான்கு மணி,
அப்பா முதல் பேருந்துக்குக் கிளம்பினார்.
தண்ணீர் குடிக்க வந்தவள்போல் நின்றேன்.
அதே சட்டை.
கழுத்திலிருந்து பூட்டிக்கொண்டே வந்த விரல்
மூன்றாவது இடத்தில் தயங்கியது.
மூன்று வாரமாய் அங்கே ஓர் ஊக்கு.

"அவ்வளவு பெரிய சட்டையப் பிடிச்ச,"
காலணிக்குள் காலை நுழைத்தபடி,
என்னைப் பார்க்காமலே சொன்னார்,
"பொத்தான விட்டுட்டியே."