அரைப்பேர்

பதினெட்டுக் கிலோ பறித்தால் ஒரு பேர்.
ஒன்று குறைந்தாலும் அரைப்பேர்.
மஸ்கெலியாவில், எங்கள் மேற்பிரிவில்,
மனிதர்களைப் பாதியாய் எழுதும் பேனா
பதினோரு வருடமாய் என் சட்டைப்பையில்.

புதன்கிழமை லேயாள் கொண்டுவந்தது பத்தொன்பது.
முள் தெளிவாய் நின்றது; அவளும் பார்த்தாள்.
சாக்குக்கு ஒன்று, மழை ஈரத்துக்கு ஒன்று.
பதினேழு என்று எழுதினேன்.
அவள் கெண்டைக்காலில் ஓர் அட்டை
குடித்து முடித்து உருண்டு விழுந்தது.
அதை யாரும் பேரேட்டில் ஏற்றுவதில்லை.

ஞாயிறு.
சிற்றாலயத் தகரத்தில் மழை.
உபதேசியாருக்குத் தடிமன்,
வேதபாடம் என் தலையில் விழுந்தது.
தேவன் உலகத்தை நேசித்த வசனம்,
புத்தகம் பாராமலே சொல்வேன்.
'இவ்வளவாய்' என்ற இடத்தில்
நாக்கு நின்றுவிட்டது.
எவ்வளவாய்?
எந்தத் தராசில்?
சாக்கைக் கழித்தா, கழிக்காமலா?

அடுத்த சொல் உலகம்.
ஜன்னலுக்கு வெளியே அது கிடந்தது:
அணைக்கட்டு நீர்,
அடியில் மூழ்கிய பழைய டவுன்,
கோயிலும் பன்சலையும் பள்ளிவாசலும் ஒரே சேற்றில்;
காற்றுக்குப் பயந்து
டயரும் கல்லும் சுமக்கும் லயத்துக் கூரைகள்;
தொரை பங்களாவின் புல்வெளி;
மருந்தடித்துக் கருகிய களை;
குப்பைமேட்டில் குட்டி போட்ட நாய்.
இதில் எதையும் ஈரமென்று கழிக்காத ஒருவரைப் பற்றி
நான் வாசிக்கவேண்டும்.
நான்!

குமாரனைத் தந்த வரி வந்தபோது
மூன்றாம் வரிசையில் லேயாள்
முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.
கொழும்பில் கடை மாடியிலிருந்து விழுந்த பையனுக்குப்
பதினாறு வயது.
பெட்டியை வேனிலிருந்து இறக்கியவர்களில் நானும் ஒருவன்.
அவள் தரவில்லை.
எடுத்துக்கொண்டார்கள்.
அரைப்பேரில் அடுப்பெரியாத வீட்டிலிருந்து
பிள்ளை வேறெங்கே போவான்?
எடுத்தவர்களின் வரிசையில்
என் பேனாவும் நிற்கிறது.

திருவிருந்துக்கு முழங்காலிட்டேன்.
பக்கத்தில் அவள்.
கொழுந்துக்கறை ஏறி வெடித்த கைகள்
குவிந்து காத்திருந்தன.
போதகர் நிறுக்கவில்லை.
அவளுக்கு ஒரு துண்டு,
எனக்கும் அதே துண்டு.
எனக்கு அது அதிகம்.
விழுங்க வெகுநேரமானது.

திங்கள். விடாத மழை.
தொரை ஜீப்பில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.
லேயாளின் சாக்கைக் கொக்கியில் மாட்டினேன்.
மறுபடியும் பத்தொன்பது.
ஒன்றை மட்டும் கழித்தேன்.
பதினெட்டு. பேர் முழுசு.
என் துணிச்சல் அவ்வளவுதான்.

அவள் துண்டைப் பார்த்தாள்,
வானத்தைப் பார்த்தாள்.
"இன்னைக்கு மழை கொறச்சலோ, ஐயா?"
சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டு
படியிறங்கினாள்.

ஜீப்பின் மேலும் என் மேலும்
அவள் போன பாதை மேலும்
கழிவு ஏதுமில்லாமல்
பெய்துகொண்டிருந்தது.