ஏழாம் தேதி வரை

பின்னூட்டம் பூஜ்யம்.
பெயர் பரிதி_0413.
ஏலத்தளத்தில் சேர்ந்து ஒன்பது நாள்.
உறையின் படத்தைப் போட்ட அன்றே
முதல் கேள்வி அவரிடமிருந்து:
“மேடம், தபால்தலைமேல் முத்திரை விழுந்திருக்கிறது.
அந்தக் கறுப்பு வட்டத்தை அழித்துத் தர முடியுமா?”

முத்தியால்பேட்டையில் மின்சாரம் போயிருந்த மதியம்.
ஒரு கையில் விசிறி, மறுகையில் ஒற்றை விரலால் பதில்:
அந்த வட்டம்தான் தம்பி விலையில் முக்கால்.
புதுச்சேரி, பிப்ரவரி, நாற்பத்திரண்டு.
போர்க்காலத்தில் காரைக்காலுக்குப் போன உறை.
தலைமேல் அடித்த சிவப்பு மேலச்சு
கொஞ்சம் சாய்ந்திருக்கிறது பாருங்கள்,
மீதிக் கால் அந்தச் சாய்வுக்கு.

“ஓ” என்றார்.
“உள்ளே கடிதம் இருக்கிறதா?”
இல்லை.
“அப்போ காலி உறையா?”
காலி உறைதான்.

இருந்தும் ஆறாயிரம் கேட்டார்.
வேறு யாரும் வரவில்லை.
ஆறாயிரத்து ஐந்நூறு, அவரே.
ஏழாயிரத்து இருநூறு, அவரே.
கேரம்போர்டின் இரண்டு பக்கமும்
மாறி மாறி உட்கார்ந்து தானே ஆடுகிறவர் போல.

பேசாமல் இருந்தால் காசு.
இருக்க முடியவில்லை.
உங்களை எதிர்த்து நீங்களே கேட்கிறீர்கள் என்று எழுதினேன்.
“தெரியும் மேடம்.
யாராவது வந்துவிட்டால்?”

வந்தார் லியோன்காரர்.
எப்போதும் கடைசி நிமிடத்தில்தான் வருவார்,
வளைக்குள்ளிருந்து கண்ணை மட்டும் நீட்டும்
கடற்கரை நண்டு.
எட்டு. எட்டரை.
பரிதி, பதினொன்று என்று அடித்தார்.
மணி முடிந்தது.

பெரிய தொகையைப் போட்டுவிட்டு ஓடியவர்களை
முன்பே பார்த்திருக்கிறேன்.
ஒருவர் சொன்னார்:
“நான் பாயிண்ட் என்று நினைத்தேன், ரூபாயா?”

நான்கு நாளில் பணம் வராவிட்டால்
இரண்டாம் ஆளுக்குக் கொடுக்கலாம், விதி அது.
லியோன்காரர் இரண்டாம் நாளே எழுதிவிட்டார், மரியாதையாக:
அவர் கட்டமாட்டார், நான் இங்கேதான் இருக்கிறேன்.
அவரிடம் இருட்டு அலமாரி உண்டு,
அமிலம் இல்லாத தாள் உண்டு,
தொடுவதற்குத் தனி இடுக்கி உண்டு.

மூன்றாம் இரவு பதினொன்றரைக்கு ஒரு செய்தி:
“சேதராப்பட்டில் நைட் ஷிப்ட் மேடம்.
சம்பளம் ஏழாம் தேதி.
பாதி இப்போது அனுப்பவா?”

பாதி வந்தது.
ஏழாம் தேதி, பால்காரருக்கு முன்னால்
மீதியும் வந்தது.

இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினேன்.
வளைக்காதீர், நனைக்காதீர் என்று சிவப்பில் எழுதினேன்.
எழுத வேண்டிய மூன்றாவது சொல்
அன்று எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை ஒரு படம் அனுப்பினார்.
ட்யூப்லைட் வெளிச்சம் மேலே வழுக்கியது.
மேலச்சின் சிவப்பு
இப்போதுதான் அடித்ததுபோல் ஈரமாக மின்னியது.
நான்கு மூலையும் வட்டமாக வெட்டி,
சூட்டில் ஒட்டி,
“லேமினேட் பண்ணிட்டேன் அக்கா.
இனிமே உப்புக்காத்து தொடாது.”

மேடம், அக்காவாகியிருந்தேன்.

பதினோரு வருஷம்
செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து
பீரோவின் மேல்தட்டில் நான் காத்துவந்ததும்
அதே காற்றிடமிருந்துதான்.

ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.
“உறை காலிதான். ஆனால் சொல்லிவிட்டுத்தான் விற்றார்.”

இனி என் முறை.
‘லேமி’ வரை அடித்தேன்,
அழித்தேன்.
‘சொன்ன தேதியில் பணம் கட்டினார்’
என்று எழுதி அனுப்பினேன்.

அவர் பெயருக்குப் பக்கத்தில்
பூஜ்யம்
ஒன்றானது.