கொள்ளு காயும் சாலை

ஹெசரகட்டா தாண்டியதும்
கூகுள்காரிகூடப் பேச்சை நிறுத்திவிடுகிறாள்.
ஞாயிறு, ஏழே கால்.
செயின் சத்தம், என் மூச்சு,
திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கும் விசிறல்.

வளைவில் தாரைக் காணோம்.
சாலை முழுக்கக் கொள்ளுச் செடி
பரப்பிக் கிடக்கிறது,
போகிற வண்டிகள் மிதித்து மணி உதிர்க்க.
பிரேக் பிடித்து ஓரம் தேடினேன்.

"நடுவுலயே போ"
என்றாள் கன்னடத்தில்,
முறத்தோடு நின்றவள்.

போனேன்.
இருபத்தைந்து மில்லிமீட்டர் டயர்.
திரும்பிப் பார்த்தால்
ஒரு கோடு,
அதில் நாலைந்து மணி.

குனிந்து பார்த்தவள் நிமிர்ந்து கேட்டாள்:
"பின்னாடி லாரி ஏதாச்சும் வருதா?"

ஒன்றரை லட்சம் கொடுத்து
ஏழு கிலோவாக இளைக்கவைத்த வண்டி.
கூச்சமாக இருந்தது.

இன்னொரு தடவை
போய் வந்தேன்,
கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்து.