மூன்று மணி விசில்

லுசாக்காவில், சிலெஞ்சே சந்தைக்குப் பின்னால்
ஒரு டைல்ஸ் கிடங்கின் இரவுக் காவலாளி லுபிண்டா.
வயது ஐம்பத்தொன்று.
இருபத்திரண்டு வருடமாக மாத்திரை.
எட்டு மணி அலாரம் அடித்தால்
வாசலில் லாரியே நின்றாலும்
விழுங்கிவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.
ரத்தத்தில் வைரஸ்: கண்டறிய இயலவில்லை.
அந்த இரண்டு சொற்களை மனைவி நொசிக்கு
நாட்காட்டியில் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறாள்.

போன வருடம் ஓர் ஆய்வுக்கு
இரண்டு குழாய் ரத்தம் கொடுத்தார்.
பேருந்துக் காசும் ஒரு ஃபான்டாவும் கிடைத்தன.
இன்று அழைத்தார்கள்.
"உங்கள் செல்களுக்கு வயது அறுபத்து மூன்று"
என்றாள் சோல்வே, தாளைப் பார்த்தபடி.

"அப்படியானால்
பென்ஷன் எந்த ஜன்னலில் தருகிறார்கள்?"

அவள் சிரித்தாள்.
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மரபணுவின் எழுத்து மாறவில்லை, என்றாள்.
அதன்மேல் ஒட்டியிருக்கும் மெத்தில்
சில இடத்தில் உதிர்ந்திருக்கிறது,
சில இடத்தில் தேவையில்லாமல் சேர்ந்திருக்கிறது.

தமிழில் எழுதுகிறவனுக்கு இது எளிது.
தலையில் ஒரு புள்ளி வைத்தால் போதும்,
எழுத்து உயிரை விட்டு மெய்யாகிவிடும்.
வாயடங்கிவிடும்.
அடங்கியிருக்க வேண்டியதன் புள்ளி உதிர்ந்தால்?
அழற்சி என்று எழுதி
றகரத்தின் புள்ளியைத் தட்டிவிட்டு வாசியுங்கள்.
அழறசி.
சொல்லே அலற வாயெடுக்கிறது.

லுபிண்டாவுக்குத் தமிழ் தெரியாது. காவல் தெரியும்.
"உடம்பின் காவல் செல்கள்" என்று அவள் தொடங்கியதுமே
கையை உயர்த்தினார்:

"திருடன் வேலை செய்யவில்லை.
ஆனால் போகவுமில்லை.
ஏதோ பெட்டிக்கு அடியில் படுத்திருக்கிறான்.
இவர்களுக்கு அந்த வாடை வருகிறது.
விடிய விடிய விசில்.
கடைசியில் தேய்வது வீடு. சரிதானே?"

ஏறக்குறைய, என்றாள்.

"விசிலை நிறுத்த மாத்திரை?"

தேடுகிறோம்.
இது ஆராய்ச்சித் தாள், மருந்துச் சீட்டு அல்ல.
இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை விடுங்கள்.

"கல்யாணத்தன்றே விட்டாயிற்று."

நடந்தே திரும்பினார்.
பழைய மாத்திரைகள் பாதத்தில் விட்டுப்போன எரிச்சல்
இன்னும் செருப்புக்குள் இருந்தது.
அதிகப்படியான பன்னிரண்டு வருடம்.
எங்கே வைத்து வாழ்ந்தேன் அதை?

சவப்பெட்டிக் கடைகள்
இரவிலும் விளக்கெரித்த காலம் ஒன்று இருந்தது.
ஒரே மாதத்தில் தம்பி, தம்பி மனைவி,
கால்பந்துக் குழுவில் கோல்காப்பாளன் உட்பட நான்கு பேர்.
அப்போது ஒரு நாளை
ஒரு நாளாக யாரும் எண்ணியிருக்க முடியாது.
உடம்பு எண்ணியிருக்கிறது,
சரியாகத்தான்.

இரவு ஒரு மணிக்கு விசில் ஊதினார்.
இரண்டு மணிக்கும்.
திருடன் வருவதில்லை;
முதலாளி சம்பளம் தருவது சத்தத்துக்கு.

மூன்று மணிக்கு
விசிலை உதட்டில் வைத்தார்.
ஊதவில்லை.

கிடங்கு அப்படியே இருந்தது.
தகரக் கூரையில் பனி சொட்டியது.
சுவரோரம் படுத்திருந்த நாய் மட்டும்
தலையைத் தூக்கி
அவரையே பார்த்தது.