முழங்கால் பட்டதா

இருபதுக்குப் பத்தொன்பது.
ஜெயித்தது நாங்கள்தான்.
வண்டிகள் நிற்கும் இந்தப் புல்வெளிக்கு வந்து
எங்கள் முகங்களைப் பார்ப்பவர்
அப்படிச் சொல்ல மாட்டார்.

நவம்பர். அயோவாவில் ஐந்து மணிக்கே இருட்டு.
அடுப்புக் கரி நீறு பூத்துக் கிடக்கிறது.
கடைசி சாசேஜ் ஒன்று
கேட்பாரற்றுச் சுருங்குகிறது கம்பிமேல்.

நான்கு முறை நழுவவிட்டான் கோல்பி ஹஸ்கின்ஸ்.
நான்கு.
ஓடுகிற பன்றிக்குட்டியைப் பிடித்து வளர்ந்த பையன்,
பன்றித்தோல் என்று பேர்வாங்கிய பந்தை
இறுக்கிக்கொள்ளத் தெரியாதா?
"வலது கையில் வைத்திருந்தான்,
அடி வந்தது வலப்பக்கம்" என்றான் லைல்.
"கோச்சை மாற்று" என்றான்.
போன வாரமும் அதைத்தான் சொன்னான்,
போன வாரம் முப்பது பாயின்ட்டில் ஜெயித்திருந்தோம்.

முதல் மூன்றும் போனது போனதுதான்.
வழக்கு நான்காவதைப் பற்றி.

ஒன்றரை நிமிடம் பாக்கி.
பதினைந்து உடல்கள் குவிந்த குவியலுக்கு அடியிலிருந்து
பந்தோடு எழுந்தவன்
ஊதாச் சட்டைக்காரன், அவர்கள் ஆள்.
கோடுபோட்ட சட்டையில் நடுவர் ஓடிவந்து
இல்லை என்று கையாட்டினார்:
முழங்கால் தரை தொட்டபிறகே
பந்து கையைவிட்டது.
மூன்று நிமிடம் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.
தீர்ப்பு நின்றது.
நாங்கள் கத்திய கத்தலில்
என் பல்லில் அடைத்த வெள்ளி ஆடியது.

"பட்டது" என்றான் ராஸ்கோ வான்டர்ஹைட்.
"என் ரெண்டு கண்ணால் பார்த்தேன்."

"படவில்லை" என்றாள் வெர்னா.

பச்சைத் தொப்பி, பச்சைக் கையுறை,
நாய்க்குக்கூடப் பச்சை ஸ்வெட்டர் போட்டிருக்கும் வெர்னா.
தானியக் கிடங்கின் எடைமேடையில்
இருபத்தாறு வருஷம்.
"முள் எங்கே நிற்கிறதோ அதுதான் எடை.
லாரி என் தம்பியுடையது என்பதால்
சோளம் கூடுதலாகாது.
முழுப் பூசணியைச் சோற்றில் மறைத்தார்கள்,
நமக்குப் பரிமாறினார்கள், நாமும் தின்றோம்.
அவ்வளவுதான்."

"முதல் பாதியில் மஞ்சள் கொடியாக நம்மேல் வீசினார்களே,
அதற்கு இது சரியாய்ப்போச்சு."

"தப்பும் தப்பும் சேர்ந்தால்
ரெண்டு தப்பு."

நான் போனை எடுத்தேன்.
நான்கு பேர் தலைகளும் அதன்மேல் முட்டின.
நிறுத்தி, பெரிதாக்கி, பின்னோக்கி ஓட்டி...
திரையில் ஏற்கெனவே இருந்த கீறல்
சரியாக முழங்காலுக்கும் புல்லுக்கும்
நடுவே ஓடியது.
"பார், பட்டிருக்கிறது."
"பார், இடைவெளி."

அப்போதுதான் வந்தான்,
ஊதா ஜாக்கெட்டில் ஒரு நடுவயதுக்காரன்.
கார் பேட்டரி செத்துவிட்டதாம்.
கேபிள் இருக்குமா?

ராஸ்கோ ஒன்றும் பேசாமல்
தன் டிரக்கைக் கொண்டுபோய்
அவன் காரின் மூக்கோடு மூக்கு நிறுத்தினான்.
சிவப்புக்குச் சிவப்பு. கறுப்புக்குக் கறுப்பு.
எஞ்சின் உறுமக் காத்திருக்கும்போது
பனிமூச்சு விட்டபடி அவன் கேட்டான்,
சண்டைக்கு அல்ல,
மழை வருமா என்று கேட்பதுபோல:

"முழங்கால் பட்டதா?"

ராஸ்கோ கேபிளைப் பார்த்தான்.
பொத்தானைப் பார்த்தான், தன் கோட்டுப் பொத்தானை.
"நான் பார்க்கல.
கையுறை விழுந்துடுச்சு, குனிஞ்சு தேடிட்டிருந்தேன்.
நிமிர்ந்தப்போ எல்லாரும் கத்தினாங்க.
நானும் கத்தினேன்."

கார் இருமிக்கொண்டு உயிர்த்தது.
அவன் கைகொடுத்தான்,
மொத்தமே மூன்று நல்ல கையுறைகள் அந்தக் குலுக்கலில்.
ஊதாக் கொடி ஜன்னலில் படபடக்கப் போய்விட்டான்.

"அப்ப ஒருவேளை பட்டிருக்கும்" என்றாள் வெர்னா,
யாரையும் பார்க்காமல்,
நாயின் ஸ்வெட்டரை இழுத்துவிட்டபடி.

மைதான விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக அணைந்தன.
லைல் சாசேஜை எடுக்கப் போனான்,
இடுக்கியிலிருந்து வழுக்கிச் சாம்பலில் விழுந்தது.
எல்லோரும் பார்த்தோம்.
ஊதினான். தின்றான்.